கயிலைக்குப் புறப்படும் முன்

பெட்டியில் என்ன வைப்பது என்ற கேள்வி பிறகு. உடம்பில் என்ன இருக்கிறது என்பதே இந்தப் பயணத்தின் முதல் கேள்வி.

டெல்லியில் ஆஜராகும்போது யாத்ரீகர் ஒப்படைக்க வேண்டிய காகிதங்கள் பல. பாஸ்போர்ட், புகைப்படங்கள், நோட்டரி கையெழுத்திட்ட பிணைப் பத்திரம், ஆபத்து நேர்ந்தால் ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுவருவது பற்றிய உறுதிமொழி. கூடவே இன்னொரு தாள்: சீன எல்லைக்குள் இறக்க நேர்ந்தால் உடலை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம். சிங்கப்பூருக்கோ சுவிட்சர்லாந்துக்கோ சுற்றுலா போகிறவர்கள் இப்படி ஒரு தாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். கயிலாய மானசரோவர் யாத்திரைக்குப் போகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். படித்துப் பார்க்காமலே போடுகிறவர்களும் உண்டு.

வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் நடத்திவரும் இந்த யாத்திரை, கோவிட் தொற்றாலும் எல்லைப் பதற்றத்தாலும் 2020 தொடங்கி 5 ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பித்தவர்கள் 5,561 பேர். கம்ப்யூட்டர் குலுக்கலில் தேர்வானவர்கள் 750 பேர். உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியே ஐம்பது ஐம்பது பேராக 5 அணிகள், சிக்கிமின் நாதுலா வழியே 10 அணிகள். முதல் வழிக்குத் தலைக்குச் சுமார் ரூ. 1.74 லட்சம், இரண்டாவதற்குச் சுமார் ரூ. 2.83 லட்சம் ஆகும் என்று அந்த ஆண்டு அமைச்சகம் கணக்குச் சொன்னது. அணியோடு தொடர்பு அதிகாரிகளாக அரசு ஊழியர்கள் உடன் செல்வார்கள். குலுக்கலில் பெயர் வராதவர்களும், காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களும் நேபாளம் வழியாகத் தனியார் நிறுவனங்களோடு கிளம்புகிறார்கள்.

எந்த வழியில் போனாலும் இப்போது பெரும் தூரத்துக்குச் சாலை வந்துவிட்டது. தார்சூலாவிலிருந்து லிபுலேக் நோக்கிச் செல்லும் எல்லைச் சாலை 2020 மே மாதம் திறக்கப்பட்டது. முன்பு நாள்கணக்கில் நடந்து கடந்த பள்ளத்தாக்கை இன்று ஜீப் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கால்களுக்கு இது நல்ல செய்தி. நுரையீரலுக்கு அப்படியல்ல. நடந்து போனவரின் உடம்பு அவர் அறியாமலே உயரத்துக்குப் பழகிக்கொண்டு வந்தது. ஜீப்பிலும் ஹெலிகாப்டரிலும் போகிறவர் மேலே வந்து சேர்ந்த பிறகும் அவர் உடம்பு இன்னும் அடிவாரத்திலேயே இருக்கிறது.

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

அரசு யாத்திரைக்கு வயது வரம்பு 18 முதல் 70. உயரத்துக்கு ஏற்ற எடை வேண்டும், பி.எம்.ஐ. என்ற அளவு 25ஐத் தாண்டக் கூடாது. 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோவுக்கு மேல் இருந்தால் சிக்கல் என்று அர்த்தம். நடுத்தர வயதுத் தமிழர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் தேறுவார்கள் என்பதை வீட்டிலுள்ள எடைக் கருவியே சொல்லிவிடும். குலுக்கலில் பெயர் வந்த பிறகு பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர்கள் பலவீனத்தோடு மலையேறுகிறார்கள். விண்ணப்பிக்க நினைக்கும்போதே, அதாவது ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே, இதைத் தொடங்குவதுதான் சரி.

டெல்லியில் இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, டிரெட்மில், நுரையீரல் திறன் என்று பல சோதனைகள் நடக்கின்றன. இதில் தேறியவர்களுக்கும் மலைமேல் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. லிபுலேக் வழியில் சுமார் 10,500 அடி உயரத்திலுள்ள குஞ்சியில், இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படையின் டாக்டர்கள் மறுபடி பரிசோதிக்கிறார்கள். நாதுலா வழியிலும் எல்லைக்கு முன் உயரத்தில் இப்படி ஒரு சோதனை உண்டு. டெல்லியில் சாதாரணமாக இருந்த இரத்த அழுத்தம் அங்கே எகிறியிருக்கலாம். தேறாதவர் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்படுவார். கட்டிய பணம் கைக்கு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பணம் போனது, லீவு போனது, ஊரில் மாலை போட்டு வழியனுப்பியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் வேறு. இந்தக் கூச்சம்தான் பலரை மாத்திரைகளை மறைக்க வைக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வருவது, வலிப்பு வந்ததைச் சொல்லாமல் விடுவது, ஆஸ்துமாவை ‘சும்மா சளித் தொந்தரவு’ என்பது... சோதனைக்கூடத்தை இப்படி ஏமாற்றிவிடலாம். 18,000 அடியில் காற்றை ஏமாற்ற வழியில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்.

நேபாளம் வழியாகச் செல்வோருக்கு இந்த வடிகட்டல்கூட இல்லாமல் போய்விடலாம். சில நிறுவனங்கள் ஒரு டாக்டரின் சான்றிதழோடு திருப்தியடைந்துவிடுகின்றன. குடும்ப டாக்டர் தெரிந்தவர் என்பதால் கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். தனியாரோடு போகிறவர்கள் அரசு கேட்கும் அதே சோதனைகளைச் சொந்தச் செலவில் செய்துகொள்வது நல்லது. டிரெட்மில் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. இரத்தசோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்; ஆக்சிஜனைச் சுமந்து செல்வதே ஹீமோகுளோபின்தான். நம் பெண்களில் பலர் இந்தக் குறையோடுதான் நடமாடுகிறார்கள்.

திருவண்ணாமலையில் மாதாமாதம் கிரிவலம் வருகிறேன், இது முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது 14 கி.மீ., தார்ச் சாலை, வழிநெடுக டீக்கடை. கயிலையைச் சுற்றும் வலம் 52 கி.மீ., 3 நாள். நடுவில் வரும் டோல்மா லா கணவாய் ஏறக்குறைய 18,500 அடி. கோடையிலும் அங்கே பனி கொட்டும். நடந்து பழகியிருப்பது உதவும், சந்தேகமில்லை. ஆனால் நல்ல உடற்பயிற்சி உள்ளவருக்கு மலை நோய் வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இளைஞர்கள் வேகமாக ஏறி முதலில் படுத்துக்கொள்வது மலைகளில் வாடிக்கையான காட்சி.

அட்டவணையில் படிக்க வேண்டியது

பயண நிறுவனத்தின் வண்ணத் துண்டுப் பிரசுரத்தில் ஹோட்டல், சைவச் சாப்பாடு, ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலவும் இருக்கும். அவற்றைவிட முக்கியமானது ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்கப்போகிறோம் என்பது. மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது: சுமார் 10,000 அடிக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 1,600 அடிக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும்.

இந்தக் கணக்கை நேபாள வழிகளோடு ஒப்பிட்டால் பகீரென்கிறது. சாலை வழியில் திபெத்துக்குள் நுழைந்ததும் வரும் கேருங் ஊர் சுமார் 9,000 அடி. அடுத்து இரவு தங்கும் சாகா ஏறக்குறைய 14,700 அடி. ஒரே பகலில் 5,000 அடிக்கு மேல். ஹெலிகாப்டர் வழியிலோ, சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சிலிருந்து விமானத்தில் 9,700 அடி உயரத்து சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் 12,000 அடி உயரத்து ஹில்சா. எல்லா அனுமதியும் உடனே கிடைத்து வானிலையும் ஒத்துழைத்தால் இரண்டே நாளில் திபெத்தில் நிற்கலாம். அப்படி ஒத்துழைப்பது நல்லதா என்பதுதான் கேள்வி. கேருங்கில் இரண்டு இரவு, தக்லாகோட்டில் இரண்டு இரவு என்று நிறுத்தி நிறுத்திப் போகும் நிறுவனம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். ‘8 நாளில் கயிலை’ என்று விளம்பரம் செய்பவர் மிச்சம் பிடிப்பது யாத்ரீகர் உடம்பு பழகிக்கொள்ள வேண்டிய நாட்களை.

அரசு யாத்திரை 20 நாட்களுக்கு மேல் நீள்வதற்கும் இதுவே ஒரு காரணம். குஞ்சியிலும் அதற்கு மேல் நாபிடாங்கிலும், சிக்கிம் வழியில் எல்லைக்கு முன்பும், வேலை எதுவுமில்லாமல் உட்கார வைத்திருப்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும். அந்தச் சலிப்பு ஒரு சிகிச்சை.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை மலை நோயின் முதல் அறிகுறிகள். தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், குடித்தவரைப் போலத் தள்ளாடும் நடை, சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவை வந்துவிட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும்வரை தாக்குப்பிடிக்க உதவும். அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம் என்று நினைப்பது தற்கொலைக்குச் சமம். அறையில் கூடப் படுத்திருப்பவர்தான் இந்த அறிகுறிகளை முதலில் பார்ப்பவர். தம்பதியாகப் போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் இறங்க வேண்டி வந்தால் மற்றவர் என்ன செய்வார்? 15,000 அடியில் நள்ளிரவில் எடுக்க வேண்டிய முடிவல்ல அது.

அசிட்டசோலமைடு மாத்திரை (கடையில் டயமாக்ஸ் என்று கேட்பது) உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், பயந்துவிட வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சின் வேகத்தைக் குறைப்பதால் இரண்டும் ஆகாது. வழக்கமான மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதி வாங்கினால் வேறு நாட்டு டாக்டருக்கும் புரியும்.

திரும்பி வருவது அவமானம் என்ற எண்ணத்துக்குத் தமிழ் பக்தி மரபே பதில் வைத்திருக்கிறது. தலையால் நடந்து கயிலை சேர்ந்த காரைக்கால் அம்மையாரைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதுமையில் கிளம்பிய அப்பரைப் பெரியபுராணம் வேறு விதமாகக் காட்டுகிறது. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் புரண்டு சென்ற அவரை வழியில் ஒரு முனிவர் திரும்பிப் போகச் சொல்கிறார். அப்பர் மறுக்கிறார். கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கி எழுந்து, திருவையாற்றில் கயிலைக் காட்சி பெறுகிறார். ஆடி அமாவாசையன்று அங்கே இன்றும் அது விழா.

காகிதமும் காசும்

நேபாளத்துக்குப் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் பலர் பாஸ்போர்ட் விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். திபெத்துக்கு அது கட்டாயம். குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா தனித்தனியாகப் பாஸ்போர்ட்டில் குத்தப்படுவதில்லை. குழு முழுவதற்கும் ஒரே தாள். சேர்ந்து நுழைந்து, சேர்ந்தே வெளியேற வேண்டும். நடுவில் ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் அந்தத் தாளிலிருந்து அவர் பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு நேரமும் பணமும் ஆகும். யார் அதைச் செய்வார், செலவு யாருடையது, நோயாளியோடு கூட வருவது யார் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். வாயால் சொல்வது கேருங் பாலத்தைத் தாண்டியதும் மறந்துபோகும். அந்தப் பாலமே 2025 ஜூலை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது என்பது வேறு கதை. பருவமழைக் காலத்தில் எந்த வழி திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் மறுபடி விசாரிக்க வேண்டும்.

சாதாரண வெளிநாட்டுப் பயண இன்சூரன்ஸ் இங்கே கைகொடுக்காமல் போகலாம். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நேரும் எதற்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பாலிசிகள் ஏராளம். 18,500 அடிவரை செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன நிலை: இந்த மூன்றையும் கேட்காமல் பிரீமியம் கட்டக் கூடாது. வெளிநாட்டுத் தொகுப்புப் பயணத்துக்கு நிறுவனம் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் வருமான வரி முன்பிடிப்பு வீணல்ல. பான் எண் சரியாக இருந்தால் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம்.

திபெத்தில் செலவுக்குச் சீன யுவான்தான். குதிரைக்கும் சுமை தூக்குபவருக்கும் தனியே பணம். நடந்தே வலம் வருவேன் என்று வைராக்கியமாக இருப்பவர்களும் குதிரைக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். டோல்மா லா ஏற்றத்தின் நடுவில் வைராக்கியம் கரைந்தால் அங்கே குதிரை கிடைக்காது. தலாய் லாமாவின் படமோ புத்தகமோ பெட்டியில் இருக்கவே கூடாது. போனில் இருந்தாலும் நீக்கிவிடுவது நல்லது. ராணுவத்தினரையும் சோதனைச் சாவடிகளையும் படமெடுத்தால் மாட்டிக்கொள்வது ஒருவர் மட்டுமல்ல, குழு மொத்தமும் நிற்க வேண்டும்.

சோறு வேகாத ஊர்

மானசரோவர்க் கரையில், சுமார் 15,000 அடியில், தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நடு நரம்போடு நிற்கும்; பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் உள்ள சமையல் குழுவா என்று கேட்பது நாக்கு ருசிக்காரர்களின் கேள்வி போலத் தோன்றலாம். பசியே எடுக்காத உயரத்தில் பாதி வெந்த சோற்றை யாரும் சாப்பிடமாட்டார்கள். சாப்பிடாதவர் மறுநாள் நடக்கமாட்டார். பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல், வறுத்த கடலை, பேரீச்சம்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆகியவை எடைக்கு ஏற்ற பலன் தருபவை. முறுக்கு டின்னை வீட்டிலேயே விட்டுவிடலாம். நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். இரவில் கூடாரத்தை விட்டு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைப்பது நம் பெண்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

பனியனும் புடவையும் பருத்திதான் என்று பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வியர்வையிலோ மழையிலோ நனைந்த பருத்தி அங்கே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்குகளாக உடுத்துவதே வழி. ஷூவைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பழக வேண்டும். புது ஷூவோடு கிளம்பியவரின் குதிகால் முதல் நாளே கொப்புளிக்கும். கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் அவைதான் முன்னால் இடிபடும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பதம் பார்க்கும் என்பதால் நல்ல கறுப்புக் கண்ணாடி ஆடம்பரமல்ல. போன், கேமரா பேட்டரிகள் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். இரவில் அவற்றைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஏரியில் இறங்கி முழுக்குப் போட எப்போதும் அனுமதி கிடைப்பதில்லை. வாளியில் மொண்டு கரையில் ஊற்றிக்கொள்ளலாம். அதையும் வெயில் ஏறிய பிறகு, காற்று அடங்கிய நேரத்தில், துவட்டிக்கொள்ளத் துண்டும் மாற்று உடையும் கையில் தயாராக இருக்கும்போது மட்டும். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. திபெத் முழுவதும் பெய்ஜிங் நேரம்தான்; இந்தியக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ‘காலை 6 மணிக்குப் பேருந்து’ என்றால் வெளியே கும்மிருட்டு. பிரம்ம முகூர்த்தத்தில் குளிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துவது அணியில் உள்ளவர்களின் பொறுப்பு.

மலை தன் அட்டவணைப்படி நடந்துகொள்வதில்லை. 1998 ஆகஸ்டில் லிபுலேக் வழியிலுள்ள மால்பாவில் இரவில் சரிந்த மலை 200க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. இறந்தவர்களில் ஒரு யாத்ரீகர் அணியும், அதில் சென்ற ஒடிசி நடனக் கலைஞர் பிரதிமா பேடியும் அடக்கம். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் ஹெலிகாப்டர்கள் பறக்க முடியாமல் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரீகர்கள் சிக்கிக்கொண்டார்கள். அப்படி மாட்டிக்கொள்ளும் நாட்களில் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் யாருடையது என்பது, நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டிய இன்னொரு பதில். டெல்லியிலிருந்தோ காத்மாண்டுவிலிருந்தோ ஊர் திரும்பும் டிக்கெட்டைத் திரும்பும் தேதிக்கு மறுநாளே போட்டுவைப்பவர்கள், மழை பிடித்துக்கொண்டால் கையிலிருக்கும் டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து வழிகாட்டியை அவசரப்படுத்துகிறார்கள். நான்கைந்து நாள் தள்ளிப் போடலாம். அல்லது மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்கலாம். ஆபீசில் லீவு எழுதிக் கொடுக்கும்போதும் அதே நான்கைந்து நாளைச் சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும்.